ஜில்லுவின் நோட்டு

2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டது. ஸ்வெட்டரும் மப்ளருமாகப் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது நம்ப முடியாத செய்தி. குன்னூர் ஊட்டியைவிடத் தாழ்வான ஊர், அதனால் இங்கே புழுக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஃபேன் என்ற பொருளையே வாங்கியிராத வீடுகளில் ஜனங்கள் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம்தான் ஜில்லு சாப்பிடுவதை நிறுத்தியது.

ஜில்லு என் அக்கா மகள் வளர்த்த ஆக்சலாட்டல். சாலமாண்டர் இனத்தைச் சேர்ந்தது. பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் தவளைக்குத்தான் அது நெருங்கிய உறவு. ஒன்பது அங்குல நீளம், வெளுத்த ரோஸ் நிற உடம்பு, தலையின் இரண்டு பக்கமும் மும்மூன்றாக இறகுபோல் விரிந்த சிவப்புச் செவுள்கள். தலைப்பிரட்டை வாலை இழந்து தவளையாகிக் கரையேறும். இது அப்படி ஏறுவதில்லை. செவுளோடு தண்ணீருக்குள்ளேயே இருந்து, அந்தக் கோலத்திலேயே முட்டையிட்டு, அந்தக் கோலத்திலேயே வயதாகிச் சாகிறது. மெக்சிகோ நகரத்தைச் சேர்ந்த சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் அதன் சொந்த ஊர். அங்கே 1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2014இல் அந்தக் கணக்கு 36 ஆகிவிட்டது. சொந்தத் தண்ணீரில் அழிந்துகொண்டே, உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் பெருகிக்கொண்டிருக்கிற உயிர் அது.

எங்கள் மலையில் சாலமாண்டர் கிடையாது. இந்தியாவில் அவை இயற்கையாக வாழ்வது கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கிலும்தான். டார்ஜிலிங் பக்கம் ஜோர்போக்ரியில் அவற்றுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. அதுவும் தேயிலை நாடு, இதுவும் தேயிலை நாடு, அவ்வளவுதான் தொடர்பு.

அக்கா மகள் பெங்களூரில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். தோழிகளோடு வாடகை அறையில் இருந்தவள், ஒரு கடையில் பார்த்து, பாவமாக இருந்தது என்று ஜில்லுவை வாங்கிவிட்டாள். அந்த 2024 கோடையில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம். குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது தொட்டிக்கு எங்கே போவது? மார்ச் மாதம் ஒரு தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பாட்டில்களுக்கு நடுவே வைத்து, ராத்திரி பஸ்ஸில் கொண்டு வந்து இறக்கினாள். "சித்தி, இதுக்கு 16லிருந்து 18 டிகிரி தண்ணி வேணும். உங்க ஊர்லதான் அது சும்மாவே இருக்கு" என்றாள். எங்கள் ஊரில் அது சும்மாவே இருந்த காலம் முடிந்துகொண்டிருந்தது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தொட்டித் தண்ணீர் 25 டிகிரிக்குப் போன மூன்றாவது நாள், செவுள்கள் முன்பக்கமாகச் சுருண்டன. வால் நுனி கொக்கிபோல் வளைந்தது. புழுவை மூக்குக்கு நேரே காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்தாவது நாள் ஒரு செவுளில் பஞ்சுத் துணுக்குபோல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பூஞ்சை.

கால்நடை மருத்துவரிடம் படம் எடுத்துப் போய்க் காட்டினேன். மாடு, ஆடு, நாய் பார்க்கிறவர். நேர்மையான மனிதர். "நான் இதைப் பார்த்ததே இல்லைம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். தண்ணிச் சூடு, எடை, தின்னது, கழிஞ்சது நாலையும் தினமும் எழுதி வைங்க. எழுதினாத்தான் நோய் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்" என்றார்.

எழுதுவது எனக்குப் புதிதில்லை. நான் அங்கன்வாடிப் பணியாளர். இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளை எடை போட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிள்ளை இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாமல் இருந்தால் வளர்ச்சி அட்டையில் கோடு படுத்துக்கொள்ளும். அந்தப் படுத்த கோட்டைப் பார்த்துத்தான் வீட்டுக்கு நடப்போம். ஆகவே ஒரு 80 பக்க நோட்டை எடுத்து, கோடு போட்டு, மேலே 'ஜில்லு' என்று எழுதினேன். சமையலறைத் தராசில் தண்ணீர் டப்பாவை முதலில் நிறுத்தி, பிறகு அதை உள்ளே விட்டு நிறுத்தினேன். முதல் நாள் எடை 92 கிராம்.

அக்கா மகள் தினமும் போனில் சொல்லிக்கொடுத்தாள். தொட்டியில் வேண்டாம், தனி டப்பாவில் வை. தண்ணீரைத் தினமும் முழுசாக மாற்று. குளோரின் போக முன்னாளே பிடித்து வை. வலையால் பிடிக்காதே, செவுள் கிழியும். கையால் தூக்காதே, நம் கைச்சூடே அதற்கு அதிகம், அதன் மேல்தோலின் வழவழப்பும் போய்விடும். ஒரு நோயாளியைத் தொடாமல் பார்த்துக்கொள்வது எனக்குப் புதுப் பழக்கமாக இருந்தது. நான் அதுவரை பார்த்த நோயாளிகள் எல்லோரும் தூக்கி, புரட்டி, துடைத்து, தோளில் சாய்த்துப் பார்த்தவர்கள்.

கல்லுப்புக் குளியல் முதல் வைத்தியம். லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன், பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது. அப்போதும் வீடு குளிரவில்லை. அடுத்ததாகச் செய்யவேண்டியது ஃபிரிட்ஜில் வைப்பது. மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில், கீழ்த்தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் குளிருக்குப் பழக்கி வைக்கவேண்டும். குளிரில் அதன் உடம்பு மெதுவாக இயங்கும், பூஞ்சையும் மெதுவாகத்தான் வளரும்.

"பால் வைக்கிற ஃபிரிட்ஜில இதையா?" என்றார் என் கணவர்.

பாலை வெளியே எடுத்துக் காய்ச்சி வைத்தேன்.

ஊரிலிருந்து வந்த நாத்தனார் கைபேசியில் தேடிப் படித்துவிட்டுச் சிரித்தார். "இதுக்குக் காலை வெட்டினாலும் முளைக்குமாமே! அப்புறம் எதுக்கு அண்ணி இவ்வளவு வைத்தியம்?"

அவர் படித்தது உண்மைதான். ஆக்சலாட்டலுக்குக் கால் போனால் கால் முளைக்கும், வால் போனால் வால் முளைக்கும். இதயத்தில், மூளையில் ஒரு பகுதி போனால்கூடத் திரும்ப வளரும். அதனால்தான் உலகம் முழுவதும் ஆய்வகங்களில் அதை வெட்டி வெட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் முளைக்கும் என்பதற்கு வலிக்காது என்று பொருளில்லை, சாகாது என்றும் பொருளில்லை. 25 டிகிரித் தண்ணீரும் ஒரு பஞ்சுப் பூஞ்சையும் அதை ஒரு வாரத்தில் கொன்றுவிடும். நாத்தனாரின் கேள்வி எனக்கு எங்கேயோ கேட்டதுபோலவே இருந்தது. 'பொம்பளை உடம்பு, தாங்கும்' என்பதும் இதே கேள்விதானே. தாங்குகிறது என்பதாலேயே இன்னும் கொஞ்சம் ஏற்றி வைப்பார்கள்.

பத்தாவது நாள் எடை 83 கிராம். உப்புக் குளியலில் அதன் தோல் சிவந்தது. அக்கா மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சித்தி, வளர்க்கிறவங்க இன்னொண்ணு செய்வாங்க. டீ."

"டீயா?"

"பால், சர்க்கரை, வாசனை எதுவும் இல்லாத வெறும் டீ. கொதிக்கவெச்சு ஆறவெச்சு, தண்ணியில நல்லா நீர்த்துப்போகக் கலந்து விடணும். அதிலிருக்கிற துவர்ப்பு தோலைக் கொஞ்சம் இறுக்கும், பூஞ்சை பிடிக்காது. டாக்டர் மருந்து இல்ல, கைவைத்தியம்."

சாயத்தண்ணி. என் அம்மாவின் சொல் அது.

என் அம்மா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பிரித்தார்கள். அந்த 5,25,000 பேரில் ஒருவராக 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்கென்றே அரசு 1968இல் இங்கே தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது. தனியார் தோட்டங்களிலும் பலர் சேர்ந்தார்கள். அம்மா சேர்ந்த தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்த லைன் வீட்டில்தான் அக்காவும் நானும் வளர்ந்தோம்.

கொழுந்து கிள்ளிக் கிள்ளி அம்மாவின் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருக்கும். ராத்திரி ஆறின சாயத்தண்ணியில் விரல்களை ஊறவைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். அட்டை கடித்த இடத்தையும் அதில்தான் கழுவுவார். ஜில்லுவுக்கு நான் தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, டப்பாவில் ஊற்றியபோது தண்ணீர் மெல்லிய பழுப்பாக மாறியது. அந்த நிறத்தில் அம்மாவின் விரல்கள்தான் எனக்குத் தெரிந்தன. நோட்டில் 'டீ - காலை' என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுப்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் அம்மாவின் உடம்பைப் பற்றியும் ஒரு நோட்டு இருந்தது. எடை போடும் கொட்டகையில் மேஸ்திரி கையில் இருந்த நோட்டு. காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில் கூடையைத் தராசில் மாட்டுவார்கள். அம்மாவின் பெயருக்கு நேரே கிலோ ஏறும். இவ்வளவு கிலோ பறித்தால்தான் அன்றைக்குப் பேர், அதற்கு மேல் பறித்தால் கூடுதல் காசு. 27 வருஷம் அம்மாவைப் பற்றி யாரோ தினமும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் இலையின் எடை.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பில் கட்டுகிற படங்குக்கு உள்ளே பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டு மலைக்குப் போனார். படங்கு மழையிலிருந்தும் செடியின் கிளைகளிலிருந்தும் பெண்களைக் காக்கும். ரத்தம் வெளியே தெரியாமலும் காக்கும். மலையில் கழிப்பறை கிடையாது. தேயிலைச் செடிகளுக்கு இடையில் மறைவு தேடி, ஒருத்தி காவல் நிற்க இன்னொருத்தி போகவேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஆஸ்பத்திரி, பிள்ளைக் காம்பரா, நோய்க்கால உதவித்தொகை எல்லாம் இருந்தன. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் அது நோய். ஆண் மருத்துவரிடம், கம்பவுண்டர் நிற்கும்போது, இதைச் சொல்லி எழுதி வாங்க அம்மாவால் முடியவில்லை.

அவருடைய நோயை முதலில் கண்டுபிடித்தது மேஸ்திரியின் நோட்டுதான். "என்னா, கிலோ கொறைஞ்சுக்கிட்டே வருது? தூங்கிக்கிட்டுப் பறிக்கிறியா?" என்று கொட்டகையில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். அக்காதான் பக்கத்தில் நின்றவள். அங்கன்வாடி அட்டையில் கோடு படுத்துக்கொண்டால் நாங்கள் வீட்டுக்கு நடப்போம் என்று சொன்னேன் இல்லையா? அம்மாவின் கோடும் அப்படித்தான் படுத்தது. அதைப் பார்த்து யாரும் வீட்டுக்கு நடந்து வரவில்லை. திட்டு மட்டும் கிடைத்தது. கோயம்புத்தூரில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிப் பரவியிருந்தது. 2001இல் அம்மா போய்விட்டார். வயது 51.

அப்போது நான் எங்கே இருந்தேன்? இதே குன்னூரில், இருபது கிலோமீட்டர் தூரத்தில். கல்யாணமாகி ஐந்து வருஷம். 1998இல் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. காலையில் துடைத்துவிடுவது, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நான். அவருக்கும் ஒரு நோட்டு போட்டிருந்தேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, மாத்திரை, மலம். மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்து என் கணவரிடம், "வீட்டம்மா நர்ஸ் மாதிரி வெச்சிருக்காங்க" என்று பாராட்டினார். என் கணவர் பெருமையாகச் சிரித்தார். அந்தப் பாராட்டில் எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாமனார் கெட்டவர் இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் அம்மா வீட்டுக்கு நான் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போகும்போதெல்லாம் அம்மா, "எனக்கென்னா, நல்லாத்தான் இருக்கேன். மாமாவைப் பார்த்துக்க" என்று சொல்லி, சாயத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஒரு ஆணின் மலம் எந்த நிறத்தில் போனது என்று எழுதி வைத்த எனக்கு, பெற்றவளுக்கு ரத்தம் படுவது தெரியவில்லை. மகள் என்றால் கல்யாணத்துக்குப் பிறகு அவள் பணிவிடை யாருக்குச் சேரும் என்பது முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயம். அதை எந்தச் சட்டமும் எழுதவில்லை, எழுதாமலே எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

இவ்வளவும் ஒரு டப்பாத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்த நினைவுகள். ஒரு பிராணிக்கு இவ்வளவு பண்ணுகிறோமே, அம்மாவுக்குப் பண்ணவில்லையே என்று குற்ற உணர்ச்சியும் வந்தது. கோபத்தில் ஒருநாள் டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். சாயங்காலம் மூடியைத் திறந்தபோது அது இமையில்லாத கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அதன்மேல் என்ன தப்பு? ஜில்லுவுக்கு அதிகமாகச் செய்துவிடவில்லை. நோய்ப்பட்ட எந்த உயிருக்கும் செய்யவேண்டிய அளவுதான் இது. அம்மாவுக்குக் கிடைத்ததுதான் குறைச்சல்.

அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். அவளுக்குப் பாட்டியைத் தெரியாது, பாட்டி இறந்த பிறகு பிறந்தவள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் படிப்பில் தெரிந்த ஒரு கதையைச் சொன்னாள்.

1864இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலாட்டல்கள் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தன. அதில் ஆறு டுமெரில் என்ற விஞ்ஞானியிடம் வந்தன, ஐந்து ஆண், ஒரு பெண். இன்று உலகத்து ஆய்வகங்களில் இருக்கிற ஆக்சலாட்டல்களில் பெரும்பகுதி அந்த வம்சத்தின் தொடர்ச்சி. அந்தத் தொட்டியில் பிறந்த குட்டிகளில் சில திடீரென்று செவுளை இழந்து கரையேறியதைப் பார்த்து ஐரோப்பாவே திகைத்தது. அதைத் திரும்பச் செய்துகாட்ட ஆகஸ்ட் வைஸ்மன் என்ற ஜெர்மன் அறிஞர் முயன்றார், அவரால் முடியவில்லை. பிறகு மாரி ஃபான் ஷோவன் என்ற பெண்ணிடம் அந்த வேலை போனது. 1874 ஜூனில் அவருக்கு அனுப்பிய பன்னிரண்டு குஞ்சுகளில் உயிரோடு இருந்தவை ஐந்துதான். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, தண்ணீரின் சூட்டையும் தீனியின் அளவையும் அன்றாடம் கவனித்து ஐந்தையும் செழிப்பாக வளர்த்தார். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஈரப்பாசிக்கு மேல் ஏற்றி, அவற்றைக் கரை வாழ்க்கைக்குப் பழக்கினார். அவருடைய குறிப்புகள் வைஸ்மனின் கட்டுரைக்குள் இடம்பெற்றன. பிற்பாடு தன் பெயரிலும் எழுதினார். "ஆனா பாடப் புத்தகத்துல வைஸ்மன் பேரைத்தான் சித்தி படிச்சோம்" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். மெக்சிகோவில் பாட்ஸ்குவாரோ என்ற ஏரியில் ஆக்சலாட்டலின் பங்காளியான ஒரு சாலமாண்டர் உண்டு. ஏரி கெட்டுப்போய் அது அழியும் நிலைக்கு வந்துவிட்டது. அதை நூற்றுக்கணக்கில் தொட்டிகளில் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அந்த ஊர்க் கன்னியாஸ்திரிகள். இருமல் மருந்து தயாரிக்க வளர்க்கத் தொடங்கியவர்கள். இன்று அந்த இனம் மிஞ்சுமா என்ற கேள்விக்கு அவர்களுடைய மடமும் ஒரு பதில். விஞ்ஞானிகளே அவர்களிடம் வந்து கேட்கிறார்கள். அந்த சாலமாண்டரின் அறிவியல் பெயரில் இருப்பது டுமெரிலின் பெயர். தண்ணீர் மாற்றுகிறவர்களின் பெயர் எந்த உயிருக்கும் வைக்கப்படுவதில்லை போலிருக்கிறது.

இந்தக் கதைகளைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. நான் மாமனாருக்குச் செய்ததும், அங்கன்வாடியில் செய்வதும், ஜில்லுவுக்குச் செய்ததும் ஒரே அறிவுதான். கவனித்தல், அளத்தல், எழுதுதல், காத்திருத்தல். அதற்கு விஞ்ஞானத்தில் ஆராய்ச்சி என்று பெயர். வீட்டில் மருமகளின் கடமை என்று பெயர். அங்கன்வாடியில் சிறப்பு காலமுறை ஊதியம் என்று பெயர், பெயர் நீளம், சம்பளம் குட்டை. அன்பினால் செய்கிறோம் என்று நாமே சொல்லிச் சொல்லி அதிலிருக்கும் அறிவை மறைத்துவிட்டோம். அறிவு என்று ஒப்புக்கொண்டால்தானே அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்க முடியும்?

பத்தொன்பதாவது நாள், 79 கிராமில் நின்றிருந்த ஜில்லு ஒரு புழு தின்றது. மருந்தடிக்காத என் கீரைப்பாத்தியில் எடுத்த மண்புழு, மூன்றாக நறுக்கியது. முதல் துண்டைத் துப்பியது, இரண்டாவதை விழுங்கியது. செவுளில் பஞ்சு உதிர்ந்து, அந்த இடத்தில் மெல்லிய சிவப்பு நூல்கள் முளைத்திருந்தன. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்தது. வீடு குளிர்ந்தது. பால் ஃபிரிட்ஜுக்குத் திரும்பியது.

இதைப் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அழகாக இருக்கிறது என்று ஆக்சலாட்டலை வாங்கிவிடாதீர்கள். சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிற உயிர் அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும், இப்படிப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும் என்கின்றன. அக்கா மகளுக்கு அது தெரியாது. தெரிந்ததும் அந்த ஜூலையிலேயே விண்ணப்பித்தோம். வளர்க்க முடியவில்லை என்று ஓடையில் விடுவதும் பாவம். நீலகிரியின் சோலைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் வாழ்கின்றன. வெளியூர்ப் பிராணி கொண்டுவரும் நோயை அவை தாங்காது.

கடைசியாக ஒன்று. அந்த ஆகஸ்டில் ஜில்லுவின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, என் உடம்பைப் பற்றி இதுவரை எந்த நோட்டிலும் ஒரு வரி இல்லை என்பது உறைத்தது. எனக்கு அப்போது வயது 49. அம்மா ரத்தத்தை மறைத்து மலையேறிய வயது. முப்பது வயது தாண்டிய பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்று மற்ற பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஒருமுறைகூடப் போனதில்லை. மாதச் சந்திப்பில் அடுத்தவர்களைத் தள்ளிவிடுவேன், நான் பதிவேட்டோடு வெளியே நிற்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். காத்திருந்து, பரிசோதனை முடித்துத் திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. நர்ஸ் சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை என்றார், அடுத்து எப்போது வரவேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் பாதி மாற்றியிருந்தது. நோட்டில் என் கணவரின் கையெழுத்து. அந்த மூன்று வருஷ நோட்டில் அவர் அப்பாவுக்காக ஒரு நாளும் எழுதாத கையெழுத்து. 'தண்ணீர் 18 டிகிரி. பாதி மாற்றினேன். புழு தின்னவில்லை.' அதற்குக் கீழே, வேறு பேனாவில், 'பிறகு தின்றது.'

அதற்கு அடுத்த வரியில் தேதி போட்டு, என் பெயரை எழுதி, அன்றைய பரிசோதனை முடிவையும் அடுத்த தேதியையும் குறித்தேன். அந்த வாரம் அக்காவுக்குப் போன் செய்து அவளையும் போகச் சொன்னேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, லீவு போட்டால் சம்பளம் போகும் என்றாள். "எவ்வளவு போகும்னு சொல்லு, எழுதிக்கிறேன்" என்றேன். அதுவும் அதே நோட்டில் இருக்கிறது.